இடுப்பெலும்பு

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வார்டு ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். தகடும் திருகாணிகளும் பளிச்சென்று தெரிந்தன. எலும்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. அறுபத்தாறாம் வருஷ மழைக்காலத்தில் பம்பாய் சயான் ரோட்டில் லாரி தட்டி உடைந்த பூமாரியின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு அது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள், மாவுக்கட்டும் போட்டார்கள். அடுத்த மழை வரப்போகிறது, இன்னும் ஒட்டவில்லை. திருகாணிகள் வேறு தளர்ந்திருந்தன.

தகட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து ஒரு கீற்று வெட்டி அந்த இடைவெளியில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மராத்திக்காரர். அவளிடம் இந்தியில்தான் பேசுவார். தாராவியிலேயே வளர்ந்த பூமாரிக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

செய்தி அன்று சாயங்காலமே தாராவிக்குப் போய்விட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் அவள் அப்பா நயினார் யாரிடமோ சொல்லப்போக, அது வீடு வீடாக வளர்ந்து, இடுப்பையே அறுத்து எடுக்கப்போகிறார்கள் என்று ஆனது. கால் உடைவதற்கு முந்திய தையில்தான் அவளைச் செல்லப்பாண்டிக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வந்து கட்டிலருகே நின்று ஒர்க்‌ஷாப் கதைகளைச் சொல்லிவிட்டுப் போவான். கல்யாணத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு அவனைக் காணோம். அவன் அம்மா கோமதியம்மாள் வந்தாள். டாக்டர் வரும்வரை முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அவருகிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு இந்தி வராது. நீதான் கேட்டுச் சொல்லணும்."

"என்னத்தக் கேக்கணும் அத்தை?"

"இடுப்பெலும்ப எடுத்துட்டா நாளைக்குப் பிள்ள பெத்துக்கிட முடியுமான்னு கேளு."

பூமாரிக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கேட்டாள், வேறு யாரோ ஒருத்திக்காகக் கேட்பது போல. டாக்டர் சிரிக்கவில்லை. தன் கோட்டின் மேலேயே இடுப்பு விளிம்பைத் தொட்டுக் காட்டினார். இந்த ஓரத்தில் ஒரு கீற்று, அவ்வளவுதான். பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு கேட்காததையும் சொன்னார். கால் சற்றுக் குட்டையாகலாம். சீழ் பிடிக்கலாம். ஒட்டும் என்றுதான் நம்புகிறார், ஒட்டாமலும் போகலாம்.

முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால் அத்தைக்குத் தெரியப்போவதில்லை. பூமாரிக்கு அது தோன்றத்தான் செய்தது. கூடவே, அந்தப் பாதியை நம்பி அழைத்துக்கொண்ட வீட்டில் தான் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடமாடுவதும் கண்ணில் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

கோமதியம்மாள் அவள் கால் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவும் ஒட்டலேன்னா?"

பூமாரி டாக்டர் பக்கம் திரும்பவில்லை. "அந்தப் பக்கத்து இடுப்பு இருக்குல்லா அத்தை. அதுலேருந்து எடுக்கச் சொல்லுவேன்."

கோமதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று புரியப் பூமாரிக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"நீ பொழச்சுக்கிடுவட்டி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவன் வெளியதான் நிக்கான். உள்ள வரப் பயந்துகிட்டு."

ஆபரேஷனுக்குப் பிறகு காலைவிட இடுப்புதான் வலித்தது. தையல் போட்ட இடம் சிவந்து காய்ச்சல் வந்தபோது நயினார் வராந்தாவிலேயே கிடந்தார். ஊசி மேல் ஊசி போட்டுத் தணிந்தது. மழை பாதி கழிந்தபோது எடுத்த படத்தில் கறுப்புக் கோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படரத் தொடங்கியிருந்தது. டாக்டர் புதுக் கட்டுப் போட்டு, அடியில் ரப்பர்க் குதிகால் வைத்து, ஒட்டத் தொடங்கிவிட்டது, இனி ஊன்றிப் பழகு என்றார்.

செல்லப்பாண்டி கையை நீட்டினான். "பிடிச்சுக்கோ."

"விழுந்தா பிடி. இப்ப சும்மா நில்லு," என்றாள்.

ஊன்றுகட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சாரலில் தரை நனைந்திருந்தது. மெல்ல, மொத்த பாரத்தையும் அந்தக் காலுக்குக் கொடுத்துப் பார்த்தாள். வலித்தது, ஆனால் உள்ளே எதுவும் நகரவில்லை. காலைத் தூக்கினாள். ஈரத்தில் ரப்பர்க் குதிகாலின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. அதற்கப்பால் வராந்தாக் கோடிவரை, யாரும் மிதிக்காத ஈரம் மினுங்கிக் கிடந்தது.