சாய்ந்த தையல்

முதல் தையலைப் பிளேடால் அறுத்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்துப் பாயில் மூன்று சாக்குகளைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். நல்ல மத்தியான வெயில். காய்ச்சல் ஏறிவிட்டால் பக்கத்தில் மாடு வந்து நின்றாலும் அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அவருடைய லண்டன் பேக்கில் கை வைத்தேன்.

அந்தப் பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மரியநாதன் ஜோகூரில், பெக்கான் நானாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற வேலை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் பழைய துரை ஒருவர் வேலையை முடித்துச் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். மற்ற கிராணிமார் நாற்காலி, பீங்கான் தட்டு, மேசைவிளக்கு என்று உருப்படியாக எடுத்தார்கள். எந்த ஊருக்கும் போகாத இந்த மனிதர் ஒரு பயணப்பையை எடுத்தார். பழுப்புத் தோல், பித்தளைப் பூட்டு, பூட்டின் மேல் லண்டன் கம்பெனியின் பெயர். மறுவருஷம் எங்கள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வழக்கம். இவர் அதை இந்தப் பைக்குள் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மந்திரிப்பதற்குச் சேலை எங்கே என்று சாமியார் தேடினார். "மாப்புள தாலியக் கட்டிட்டு அப்படியே கப்பலேறப் போறாரா?" என்று என் அத்தை அந்தோணியம்மாள் கேட்க, பந்தி முடியும்வரை ஒரே சிரிப்பு. அவர் கோபப்படவே இல்லை. "அசல் லண்டன் பேக்கு அத்த. தொட்டுப் பாருங்க," என்றார்.

கல்யாணமான முதல் மாதமே அது அசல் இல்லை என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். நான் தையல்காரி. பத்து வயதிலிருந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். காலரில் ஒரு குத்து கோணிப்போனாலும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தப் பையிலோ ஒரு தையல்கூட நேராக இல்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவ்வளவு பெரிய கம்பெனி ஒரு மெஷின் வாங்கி வைக்காமலா இருக்கும்? சிங்கப்பூரில் எவனோ ஒரு சந்தில் உட்கார்ந்து கையால் தைத்து, பூட்டை மட்டும் எங்கிருந்தோ பிடித்து மாட்டியிருக்கிறான், துரையும் ஏமாந்தார், இவரும் ஏமாந்தார் என்று முடிவு கட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யாராவது வீட்டுக்கு வந்தால் பையை எடுத்து மேசைமேல் வைப்பார். நான் காப்பி கலக்க எழுந்து போய்விடுவேன். பாவம், இந்த ஒரு சந்தோஷமாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதில் கொஞ்சம் இளக்காரமும் கலந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம் அவருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கிப்போடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரும் இல்லை, மருந்தும் இல்லை. அடுத்த லயத்து மூர்த்தி இதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரிந்து, இந்தக் காய்ச்சலை நிறுத்தும் கொயினா மாத்திரை ஒரே இடத்தில்தான் இருந்தது, பெக்கான் நானாஸில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம், ஒரே ஒரு போத்தல். நகை கொடுத்தாலும் வேண்டாம் என்றார். ஊருக்குத் திரும்பப்போகும் ஜப்பான் அதிகாரி ஒருவன் அசல் லண்டன் பேக் வேண்டும் என்று அவரைக் கேட்டிருந்தான். போலியைக் கொடுத்தால் கன்னத்தில் அறையோடு விடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். பையைக் கொண்டுவாருங்கள், விஷயம் தெரிந்த ஆளை வைத்துப் பார்ப்பேன், அசல் என்றால் போத்தல் உங்களுக்கு என்று சொல்லியனுப்பினார்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா அமலா? நாற்காலி எடுத்தவனெல்லாம் இப்ப அதுல ஒக்காந்து மருந்து மருந்துன்னு அழ வேண்டியதுதான்!" என்றார். சாய்ந்த தையலைப் பார்த்ததுமே அந்த ஆள் போலி என்று சொல்லிவிடுவாரே என்றுதான் எனக்கு ஓடியது. தவுக்கேயின் கன்னத்தைப் பற்றியும் நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத்தான் பிளேடை எடுத்தேன்.

மூடி, இரண்டு பக்கம், வெளிப்பை எல்லாவற்றையும் பிரித்தேன். பிரித்த நூலை எறியவில்லை. சாக்கைப் பிரித்துத் துணி தைத்த காலம், அன்னாசி இலையில் நார் உரித்துக் கிழிசலை மூட்டிய காலம், நூலை யார் எறிவார்கள்? மெழுகு வாசனை அடித்த அந்த நூலால் அவருடைய சட்டைக்கு நாலு பட்டன் தைத்தேன். பிறகு, பெட்டியடியில் ஒளித்து வைத்திருந்த கடைசி நல்ல நூற்கண்டை மெஷினில் மாட்டி, சக்கரத்தைக் கையால் ஒவ்வொரு குத்தாக உருட்டி, கோடு போட்ட மாதிரி தைத்தேன். இரண்டு ஊசி உடைந்தது. பையின் அடிப்பக்கம் மெஷினுக்குள் நுழையவில்லை, அதை மட்டும் அப்படியே விட்டேன். முடித்துத் தூக்கிப் பார்த்தபோது, சும்மா சொல்லக்கூடாது, இப்போதுதான் அது கம்பெனிப் பையாக இருந்தது.

மறுநாள் காய்ச்சல் இல்லாத நாள். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் அவரே பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்தார். "தொடச்சி வச்சியா? புதுசாட்டம் இருக்கு லா," என்றார். நான் ம் என்றேன்.

தவுக்கே வரவழைத்திருந்த ஆள் ஐயாசாமி அண்ணன். ஜோகூர் பாருவில் குதிரைப் பந்தயக்காரர்களுக்குச் சேணம் தைத்தவர். குதிரைகள் போனபிறகு இங்கே மைத்துனர் வீட்டோடு வந்து மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார். பையை வாங்கி மடியில் வைத்தார். தோலை மோந்து பார்த்தார், நகத்தால் கீறினார், பூட்டை இரண்டு முறை திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஐயாசாமி அண்ணனின் கட்டைவிரல் மூடியின் ஓரமாகப் போய் நின்றது.

"பல்சு, தவுக்கே," என்றார். போலி.

கொயினா போத்தலை வைத்துத் திறந்திருந்த மேசை இழுப்பறையைத் தவுக்கே உள்ளே தள்ளி மூடினார்.

"தோலு நல்ல தோலு, கிராணியாரே. பூட்டும் நல்ல பூட்டு. ஆனா தையலு மெஷின் தையலு. லண்டன்ல இந்தப் பைக்கு மெஷினத் தொடவே மாட்டாங்க. ரெண்டு ஊசி, கையாலயே குத்துவாங்க. அப்படிக் குத்துனா ஒவ்வொரு தையலும் சாஞ்சிதான் நிக்கும், நாங்க சேணம் தைக்கிற மாதிரி. இது கோடு போட்டாப்புல போவுதே. எவனோ நல்லா ஏமாத்திருக்கான்."

இந்த ஆறு வருஷத்தில் நான் பார்த்து உதட்டைச் சுழித்த ஒவ்வொரு கோணல் தையலும் கண் முன்னால் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் வாதாடவில்லை. அவர் வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வா அமலா, போலாம். ஒன் கூறைச்சேலைய இதுலதான் வச்சிக் கொண்டாந்தேன். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஒருத்திதான் என்னெ நம்புன. ஒன்னெ ஏமாத்திட்டேன்."

பேசாமல் அவர் பின்னால் போயிருந்தால் நான் நம்பின மனைவியாகவே இருந்திருப்பேன். அடுத்த காய்ச்சல் அவரைக் கொண்டுபோகும்வரைக்கும்.

"நம்பலங்க," என்றேன். "கல்யாணமான மொத மாசத்துலேருந்தே நம்பல. கோணலா இருக்கேன்னு நேத்து நாந்தான் பிரிச்சி மெஷின்ல தச்சேன். அண்ணே, அடியத் திருப்பிப் பாருங்க. அதெ நான் தொடல."

ஐயாசாமி அண்ணன் பையை வாங்கிக் கவிழ்த்தார். விரலால் தடவினார். "பிரிச்ச நூலு எங்க தங்கச்சி?" என்றார். நான் என் வீட்டுக்காரரின் மார்பைக் காட்டினேன். அண்ணன் எழுந்து வந்து, அவர் சட்டையின் இரண்டாவது பட்டனை இரண்டு விரலால் பிடித்து, குனிந்து மோந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் அசையாமல் நின்றார், என்னைப் பார்க்காமல்.

"தேன்மெழுகு," என்றார் அண்ணன். பிறகு தவுக்கேயிடம் மலாயில் நடந்ததை விளக்கினார். தவுக்கே என் மெஷின் தையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அலமாக்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பழைய ஓட்டைகள் வழியாகவே அண்ணன் கையால் தைத்துத் தருவதாகப் பேச்சானது. தைத்து முடிந்ததும் போத்தல். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று தவுக்கே ஐந்தாறு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் நடந்தார். எப்போதும் என் பக்கத்தில் நடக்கிறவர். இரண்டு பக்கமும் யாரும் பறிக்காமல் விட்ட அன்னாசிகள் அழுகி இனித்து நாறின. ஒரு மைல் தாண்டியதும் திரும்பாமலே சொன்னார்.

"நான் பைய எடுக்கும்போதெல்லாம் நீ காப்பி கலக்கத்தான் போறன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒங்க மனசு நோகக்கூடாதுன்னுதாங்க," என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது.

அவர் நின்றார். காகிதத்தைப் பிரித்து ஒரு மாத்திரையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இப்பெல்லாம் கசப்பே இல்லாம மாவுல உருட்டி கொயினான்னு விக்கிறானுங்களாம்," என்றார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீயே பாத்துச் சொல்லு."

நாக்கின் நுனியில் வைத்தேன். கசப்பு தொண்டைவரை ஓடி, காதில் ஏறி, கண்ணில் தண்ணீராக வந்தது. வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. என் முகம் போன போக்கை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல என் கையிலிருந்து அதை வாங்கினார், வாயில் போட்டார், தண்ணீர் இல்லாமல் நறநறவென்று மென்றார். நடுரோட்டில் இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். எதிரே சைக்கிளில் வந்த மலாய்க்காரர் மணியடித்தார், நாங்கள் நகரவில்லை என்றதும் புல்லில் இறங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.