சுருள் மாட்டாத வால்ட்ஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதும் ஆசையில் இதைத் தொடங்கவில்லை. பழைய ஸெனித் பிலிம் கேமராவின் லீவரைக் கட்டைவிரலால் இழுக்கும் சுகத்தைப் பற்றி எழுதச் சாக்கு தேடினேன். உள்ளே பற்சக்கரங்கள் நகர்வது விரல் எலும்புவரை தெரியும். பொத்தானை அமுக்கினால் டக்கென்று கை அதிரும். (மனைவி இதுவரை படித்துவிட்டு, "கதை எங்க?" என்றாள்.) சரி, கதை.

2

மத்தான்சாஸ் நகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்... [வேண்டாம். மழை வந்தால் முற்றத்தில் எப்படி ஆடுவார்கள்?]

டவுன் பஸ் ஓட்டும் நிவால்டோவுக்குத் தன் ஸெனித் என்றால் உயிர். அன்று அவன் அண்ணன் ஒஸ்மெலின் மகள் யாரிலிஸுக்குப் பதினைந்து வயது நிறைந்த விழா. வழக்கப்படி அப்பாவும் மகளும் வால்ட்ஸ் நடனம் ஆடியாக வேண்டும். அடுத்த வாரம் ஒஸ்மெல் மாட்ரிட்டுக்கு வேலைக்குப் போகிறார். எப்போது திரும்புவார் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

"எல்லாரும் போனை உள்ள வைங்க! இன்னைக்கு ஒரே கேமராதான்" என்று அதட்டினான் நிவால்டோ. வைத்தார்கள். இழுத்தான், அமுக்கினான், இழுத்தான். முகமெல்லாம் பல்.

3

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம். இவ்வளவு ரசித்து இழுக்கிறவன் கவனித்திருக்க மாட்டானா? லீவரை இழுத்தால் மறுபக்கத்துக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் சுருளின் நுனி உள்ளே மாட்டவில்லை, படம் எதுவும் விழவில்லை என்று அர்த்தம். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்ட்ஸ் முடிந்து எல்லாரும் கைதட்டும்போதுதான் குமிழைப் பார்த்தான். இன்னொரு தடவை லீவரை இழுத்தான். குமிழ் அசையவில்லை.

4

முடிவு அ: படம் கழுவும் இடத்தில் கெட்டுப்போனதாகப் பிறகு புளுகுகிறான். (எழுதிப் பார்த்தேன். மாட்ரிட்டில் ஓர் அறை, வெறுஞ்சுவர், ஒஸ்மெல் அதையே... போதும், என்னால் முடியாது.)

முடிவு ஆ:

"அண்ணே, சுருள் மாட்டல. ஒரு படம்கூட விழல."

ஷூவைக் கழற்றிவிட்டுக் கேக் தின்றுகொண்டிருந்த ஒஸ்மெல் நிமிர்ந்தார். "டேய், பஸ்ஸையாச்சும் சாவி போட்டுத்தான் ஓட்டுறியா?"

முற்றமே சிரித்தது.

"எங்க போனையெல்லாம் உள்ள வைக்கச் சொன்னீங்களே சித்தப்பா!" என்றாள் யாரிலிஸ். "அப்பா, எந்திரிங்க. இன்னொரு தடவ."

"போடி, காலு வீங்கிக் கெடக்கு. நான் மாட்டேன்" என்றார் ஒஸ்மெல், கேக் தட்டைக் கீழே வைத்துக்கொண்டே.

5

நிவால்டோ பின்மூடியைத் திறந்து சுருளைச் சரியாக மாட்டினான். குமிழ் சுற்றுகிறது. நானும் பார்த்துவிட்டேன்.

முதல் தடவை இருவரும் பயிற்சி எடுத்தபடி விறைப்பாக ஆடினார்கள். இப்போது ஒஸ்மெல் வெறுங்காலோடு அவள் கவுனை மிதிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் முகத்தை அவள் தலைமுடிக்குள் புதைத்துக்கொண்டார். அழுகிறார். அவளுக்கு அது இன்னும் தெரியாது.

இப்போதே அமுக்குவதா, அவள் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கும்வரை பொறுப்பதா? ஒரு முறை அமுக்கினால், மறுபடி லீவரை இழுப்பதற்குள் மற்றது போய்விடும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிவால்டோ உங்களைத்தான் பார்க்கிறான். சீக்கிரம் சொல்லுங்கள், பாட்டு முடியப்போகிறது.