நிறம் பார்த்து வைத்த சூப்

ஐந்து மணிக்கு நர்ஸ் வருவாள். அதற்குள் அரைக் கிண்ணம் சூப்பாவது அக்காவின் தொண்டையில் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் கழற்றிய மூக்குக் குழாயைத் திரும்பவும் மாட்டிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது மணி மூன்று. தம்பிக்காரன் அடுப்படியில் நின்று, தோல் சீவுகிறேன் பேர்வழி என்று பாதிக் கேரட்டையே சீவிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று இருபத்தாறு வருஷமாக ஊருக்கே சொன்ன குரல் அவளுடையது. தொண்டையில் கட்டி என்று பதினோரு நாள் முன்பு ஆபரேஷன் ஆயிற்று. கட்டியில் பயமில்லை, இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்தால் குரல் தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொல்லையெல்லாம் விழுங்குவதில்தான். காலையில் குழாயைக் கழற்றிவிட்டுக் கொடுத்த முதல் மடக்குத் தண்ணீரே புரையேறி, மூச்சு முட்டி, கண்கள் பிதுங்கிவிட்டன. அதோடு சரி. ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பால் போயிற்று, பழக்கூழ் போயிற்று, கஸ்டர்டும் ஆறி ஆடை கட்டிப் போயிற்று.

மதியம் நோட்டுப் புத்தகத்தில் அவளே எழுதிக் காட்டினாள்: "டப்பா, அந்தக் கிழங்கு சூப் வேணா வச்சுப் பாரு."

டப்பா என்பது அவன்தான். பெயிண்ட் டப்பாவோடு திரிகிற ஆளுக்கு அக்கா வைத்த பெயர். நாற்பத்தொன்பது வயதிலும் அது உரிந்து விழவில்லை.

எந்த சூப் என்று அவன் கேட்கவே இல்லை. ஆறு வயதில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிப்போய், எச்சில் விழுங்கவும் முடியாமல் கிடந்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பதினோரு வயது அக்கா ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கூடையில் கிடந்த கிழங்கையெல்லாம் வேகவைத்து மசித்து ஒரு சூப் வைத்தாள். அதைக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. ருசி மட்டும் சுத்தமாக ஞாபகம் இல்லை, காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடந்தது. ஆனால் நிறம் கண்ணிலேயே நிற்கிறது. செங்கல்லும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. மழை விட்ட சாயங்காலத்தில் பழைய சுவர் காட்டுகிற ஒரு நிறம். ஒரு தடவை பார்த்த நிறத்தை அவன் மறந்ததே கிடையாது.

கேரட், சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, டர்னிப் எல்லாவற்றையும் குக்கரில் போட்டான். விசில் வருவதற்குள் ஏழு தடவை அக்காவின் அறைக்குப் போய் எட்டிப் பார்த்தான். ஏழாவது தடவை அவள் எரிச்சலோடு கதவைக் காட்டினாள். திரும்பி வந்து சிங்க்கைத் துடைத்தான். துடைத்த சிங்க்கையே மறுபடியும் துடைத்தான். கால் ஓர் இடத்தில் நின்றால்தானே.

மிக்ஸியில் அரைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடச் சுவர் மஞ்சள். இது இல்லை. ஒரு துண்டு பீட்ரூட்டை வேகவைத்துச் சேர்த்தான். அது ஒரேயடியாகப் பொம்மைக் கடை ரோஸுக்குத் தாவிவிட்டது. பதறிப்போய் உருளைக்கிழங்கைக் கூட்டினான், கேரட்டைக் கூட்டினான். ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டை அட்டையில் தடவி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஃபேனுக்கு அடியில் உலர்த்திப் பார்த்தான். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பது தொழிலில் பால பாடம். சூப்பை யாரும் காயவைத்துக் குடிப்பதில்லை என்பது அவன் மண்டைக்கு எட்டவே இல்லை.

நாலே கால் ஆயிற்று. குழாய் போடும்போது அக்காவின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை ஆஸ்பத்திரியில் அவன் பார்த்திருக்கிறான். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவனால் ஆகாது.

பதின்மூன்றாவது சொட்டில் நிறம் வந்து உட்கார்ந்தது. அதேதான். அப்புறம் பதத்துக்கு வந்தான். கரண்டியைத் தூக்கிப் பிடித்து ஒழுக விட்டான். அறுந்து சொட்டினால் தண்ணி, கட்டியாக விழுந்தால் கனம். நாடா மாதிரி இறங்க வேண்டும். வெந்நீர் விட்டுச் சரி பண்ணினான். புது மஸ்லின் துணியில் இரண்டு தடவை வடிகட்டினான். ஒரு திப்பி இல்லை. சுவராக இருந்தால் ஒரே பூச்சில் வேலை முடிந்திருக்கும்.

நாலு முப்பத்தைந்துக்குக் கிண்ணத்தைக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்துக்குள் பார்த்தவள் சட்டென்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். நிறம் அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்பூன் கிட்டே போனதும் வாய் இறுகிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கெஞ்சினான். நெற்றியில் கை வைத்தான். நாலு நாற்பது. கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது.

"எனக்கும் பயமாதான்க்கா இருக்கு. நீ வாயத் திறக்கலேன்னா அவ வந்து குழாயச் சொருகுவா. நான் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். என்னால முடியாதுக்கா."

அவள் நோட்டை எடுத்தாள். எழுத்து ஆடியது. "நீ குடிச்சுப் பாத்தியா?"

கையிலும் பெயிண்ட் கலக்கும் குச்சியிலும் இருப்பது எதுவும் வாய்க்குப் போகக் கூடாது என்பது முப்பது வருஷப் பழக்கம். கிளறினான், கலந்தான், பதம் பார்த்தான். நாக்கில் மட்டும் வைக்கவில்லை. இப்போது ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டான். மென்மையாக இருந்தது. கொஞ்சம் இனித்தது. மற்றபடி ஒன்றுமே இல்லை.

சுவருக்கு யாராவது உப்புப் போடுவார்களா?

"உப்பே போடலக்கா" என்றான். அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நிறத்தப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். ரெண்டு நிமிஷம் பொறு, போட்டுட்டு வரேன்."

எழுந்தவனின் சட்டையை அவள் பிடித்து இழுத்தாள். தோள்கள் குலுங்கின. புரையேறிவிட்டதோ என்று பதறித் திரும்பினால், சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவன் சட்டையை விடாமலே மடியில் இருந்த நோட்டில் கிறுக்கினாள்.

"அன்னைக்கும் உப்பு இல்லடா. நீ குடிச்சு முடிச்சப்புறம் கரண்டியில ஒட்டினத நக்கிப் பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. அம்மாகிட்ட கூட சொல்லல."

அவன் குனிந்து படித்தான். அவள் அடியில் இன்னொரு வரி சேர்த்தாள்.

"வலியோட ஒரு சொட்டு விடாம குடிச்ச."

நோட்டை மூடிப் பக்கத்தில் வைத்தாள். கிண்ணத்தைக் காட்டினாள். உப்பு வேண்டாம் என்று கையசைத்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

முதல் ஸ்பூன் போனது. அவள் விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்தன. தொண்டை ஒரு தடவை ஏறி, நின்று, இறங்கியது. இருமல் வரவில்லை. இரண்டாவது. மூன்றாவதுக்குக் கண்ணைத் திறந்துகொண்டாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் தானும் சேர்ந்து விழுங்குவது அவனுக்கே தெரியவில்லை.

பத்து நிமிஷம் முன்னதாகவே வாசல் மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. மணி மறுபடியும் அடித்தது.

"இருங்க சிஸ்டர்," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவன் கத்தினான், "இன்னும் நாலு ஸ்பூன் இருக்கு."

அக்கா வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.