கியர்ஸ்டன் சொன்னா திருத்தம்

கியர்ஸ்டனுக்கு அம்பத்திரண்டு வயசு. பேரப்பிள்ளையும் இருக்கு. எண்டாலும் அவவைக் கண்டா எனக்கு வயிறு எரியும். சும்மா இல்லை, பத்தி எரியும்.

என்ரை மனுசன் நிர்மலனும் அவவும் சில்க்போர்க்கிலை ஒரே தொழிற்சாலையிலை வேலை. இவருக்கு ஸ்கீ பழக்கினதும் அவதான். கலியாணம் கட்டி மூண்டாம் மாசம் எண்பத்தாறிலை இவர் டென்மார்க்குக்கு வெளிக்கிட்டவர். அடுத்த வருசமே என்னைக் கூப்பிட எழுதிப் போட்டவர். எங்கடை சனத்தின்ரை குடும்பங்களைக் கூப்பிடுறதை இஞ்சத்தை நீதி அமைச்சு அப்பிடியே நிப்பாட்டிப் போட்டுது. நான் வந்து இறங்கினது தொண்ணூறிலை. நான் திருகோணமலையிலை விசாவுக்குக் காய்ஞ்சுகொண்டு கிடக்க, ஐயா இஞ்சை பனிக்காட்டுக்குள்ளை சறுக்கப் பழகியிருக்கிறார். இப்ப டிவியிலை, அப்பிடி நிப்பாட்டின அமைச்சரை விசாரிக்கிற கதைதான். அது வந்தா மனுசன் ஓடிப் போய் நிப்பாட்டிப் போடுவார்.

இந்த மாசி பனி கொட்டித் தள்ளுது. சனிக்கிழமையெண்டா கியர்ஸ்டன் வந்திடுவா. எங்கடை குசினி மேசையிலை ரெண்டு வெண்ணெய்க் கத்தியை ஸ்கீ மாதிரி வைச்சுக்கொண்டு அவ கதை தொடங்குவா.

"உன்ரை முதுகு கூனுது."

"ஓம், தெரியும்."

"தடியை ஊண்டேல்லை நீ, எறியிறாய்."

"எப்பிடி? காட்டு பாப்பம்."

மனுசன்ரை முகத்திலை ஒரு சுருக்கம் இருக்கோணுமே! அவவுக்கும் இவர் பிழை சொல்லுவார், அவவும் வாய்விட்டுச் சிரிப்பா. நான் தேத்தண்ணியை வைச்சுப் போட்டு, மொழிப் பள்ளிக்கூடத்திலை படிச்ச அரைகுறை டெனிஷோடை கேட்டுக்கொண்டு நிப்பன்.

போன கிழமை இவர் வைச்ச மீன்குழம்பிலை உப்புக் கொஞ்சம் கூட எண்டன். அவ்வளவுதான். கோப்பையைத் தள்ளிப் போட்டு எழும்பினவர், ரெண்டு நாள் பேச்சில்லை. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமகள் உடைச்சா பொன்சட்டி. அவ சொன்னா திருத்தம், நான் சொன்னா குற்றம்.

அப்பிடி என்னத்தைத்தான் கண்டிட்டினம் எண்டு பாக்க இந்தச் சனி நானும் வெளிக்கிட்டன்.

ஏரிக்கரைக் காட்டுப்பாதை. கியர்ஸ்டன் முன்னாலை, இவர் அவவின்ரை தடத்திலை, நான் சப்பாத்தோடை பின்னாலை. ஏத்தம் வந்தா அவ ஏறியிடுவா, இவர் வழுக்குவார். முதுகு எண்டினம், முழங்கால் எண்டினம், திரும்ப ஏறி திரும்ப வழுக்கினார். முன்னுக்குப் போறவவுக்கு எங்கை தெரியப் போகுது? பின்னாலை நிண்ட எனக்கு வடிவாத் தெரிஞ்சுது. மனுசன் இடக்காலிலை பாரத்தைப் போடுறேல்லை. தொட்டும் தொடாமலும் வலக்காலுக்குப் பாயிறார்.

"இஞ்சாருங்கோ, இடக்காலை நம்பி நில்லுங்கோ. பயந்து பயந்து வைக்கிறியள்."

"உனக்கு ஸ்கீயைப் பற்றி என்ன தெரியும்?" முகம் கறுத்துப் போச்சு.

என்ன சொல்லுறா எண்டு கியர்ஸ்டன் கேட்டா. இவர் குனிஞ்சு ஸ்கீயிலை ஒட்டின பனியைத் தட்டினார். நானே என்ரை இடத்தொடையிலை தட்டி, "இந்தக் கால் நிக்கேல்லை" எண்டு டெனிஷிலை சொன்னன். அவ இறங்கி வந்து, இவரை ஏறச் சொல்லிப் போட்டுப் பின்னாலை நிண்டு பாத்தா.

"அட, சரிதான்! இத்தினை வருசமா நான் இதைக் காணேல்லையே!" எண்டு கை தட்டினா. பிறகு எங்கள் ரெண்டு பேரின்ரை மூஞ்சையையும் பாத்தா. மேலை போய் நிக்கிறன் எண்டு போயிட்டா.

எனக்கு அடக்க ஏலேல்லை. "அவ ஆயிரம் பிழை சொன்னா இளிக்கிறியள். நான் ஒண்டு சொன்னா மூஞ்சையைத் தூக்கிறியள். என்னை விட அவவோ உங்களுக்குப் பெரிசு?"

இவர் தடியைப் பனியிலை குத்தினார்.

"அவ முதுகு பிழை எண்டா, முதுகுதான் பிழை. நீ எதைப் பிழை எண்டாலும் எனக்கு வேறை ஒண்டுதான் கேக்குது."

"என்ன கேக்குது?"

"உன்னை அங்கை விட்டிட்டு இருந்திட்டன் எண்டு."

ஐயோ, அது உங்கடை பிழையில்லை எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்திட்டுது. ஆனா அந்த அமைச்சரை எனக்கு என்ன தெரியும்? கோவிக்க எனக்கு இருந்தது இந்த ஒரு மனுசன்தான்.

"ஓம்," எண்டன். "அதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

அவர் என்னை நேரை பாத்தார். "சரி, சொல்லு."

சொன்னன். முதல் வருசத்திலையிருந்து தொடங்கினன். கியர்ஸ்டன் மேலை நிண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தா, அவர் திரும்பிப் பாக்கேல்லை.