அடுப்படிச் சத்தம்

“ஆடாதீங்க அத்தான். காதை அறுத்துத் தொலைச்சிடப் போறேன்.”

“அறுத்துடு மாப்ளே. ரத்தத்தைப் பாத்து டாக்டர் பதறினார்னா, என் மூச்சை எண்ண மறந்துடுவாரு.”

சொல்லிவிட்டு அத்தான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியிலேயே இருமலாகிவிட்டது. மைத்துனன் ரேசரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இருமல் அடங்கியதும் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினான். தாடையில் பிடிக்க இப்போது சதை இல்லை, எலும்புதான் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இன்னொருவர் முகத்தில் சவரம் செய்யக் கற்றுக்கொள்வோம் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. முதல் வாரம் இரண்டு இடத்தில் கீறிவிட்டான். இப்போது கை பழகிவிட்டது.

தலையணையில் போன் மல்லாந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் தட்டுகளை அடுக்கும் சத்தமும் அதிலிருந்து வந்துகொண்டிருந்தன. வீட்டு அடுப்படியில் அக்கா வேலையாக இருந்தாள். அவளும் பேசமாட்டாள், இவரும் பேசமாட்டார். தினமும் காலை எட்டு மணிக்கு இந்த அழைப்பு வரும். ஒரு மணி நேரமாவது திறந்தே கிடக்கும்.

பதினொரு மணிக்கு டாக்டரிடம் பரீட்சை. அதற்காகத்தான் இந்தச் சவரம், நாற்காலியில் தேய்த்துத் தொங்கவிட்ட நீலச் சட்டை, எல்லாம்.

பத்து நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் இருவரும் விமானம் ஏறினார்கள். அத்தான் அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். மைத்துனன் அதற்கு ஆர்டர் பிடித்துத் தருகிறவன். இந்த ஊரில் ஒரு கம்பெனி தன் பழைய மெஷின்களைக் கழித்துக் கட்டுகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார்கள். மூன்றாம் நாள் அத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. “ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வாங்க அத்தான், இன்னும் ஒரே ஒரு ஃபேக்டரிதானே” என்று இழுத்துக்கொண்டு போனது இவன்தான். குளிர்காற்றில் நாலு மணி நேரம். மறுநாள் நுரையீரலில் சளி கட்டியது, அதற்கு அடுத்த நாள் இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். அத்தான் ஒரு தடவைகூட அந்த ஃபேக்டரியைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் மைத்துனனை அரித்துத் தின்றது.

இது ஏழாவது வாரம். மூன்று வாரம் ஆஸ்பத்திரி, பிறகு இந்த வாடகை அறை. கீழே சலவைக்கடை, மேலே இவர்கள். வீட்டில் தண்ணீர்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தால்தான் குடிப்பான் மைத்துனன். அவனை இந்த ஊர் ஆட்டி வைத்தது. பால் என்று நினைத்து வாங்கி வந்தது புளித்த மோர் மாதிரி ஏதோ ஒன்று. டீ திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. “மருந்தோட மருந்தா இருக்கட்டும்” என்று அத்தான் அதையும் குடித்தார். குப்பையைத் தப்பான நாளில் வெளியே வைத்தான். சலவைக்கடை அம்மா அந்தப் பையை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து, கதவைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரில் வியாழக்கிழமையை விரலால் குத்திக் காட்டினாள். அவள் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் திட்டு வாங்கியது நன்றாகவே புரிந்தது.

அத்தானுக்கு அறையில் ஒரே பொழுதுபோக்கு மருந்து டப்பாக்கள். மாத்திரை தீர்ந்ததும் டப்பாவைப் பிரித்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “பசையே தொடலை மாப்ளே. மடிப்புலயே நிக்குது. எவன்டா இதை வெட்டினான்!” என்பார். பிறகு அதைத் திரும்ப மடித்து ஜன்னலோரம் வைப்பார். பட்டறையில் போடப்போகிற, பசை வேண்டாத புது அட்டை வெட்டைப் பற்றி, மூச்சு விட்டு விட்டு, பேசுவார். ஊருக்குப் போய்விடுவோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மைத்துனனும் நம்பத் தொடங்கியிருந்தான்.

குறுக்கே நின்றது ஒரு கடிதம்தான். இவரை விமானத்தில் ஏற்றலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அதற்கு அவர் முன்னால் ஐம்பது மீட்டர் நிற்காமல் நடக்க வேண்டும். நடந்து முடித்ததும் மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச வேண்டும். போன தடவை முப்பதாவது மீட்டரில் சுவரைப் பிடித்துவிட்டார். “நான் நல்லா இருக்கேன்” என்று சொல்லப் போனவர் “நல்லா”வோடு நின்றுபோனார். டாக்டர் தோளில் தட்டிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அறைக்கு வெளியே இருந்த நடைபாதைதான் மைதானம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பது அடி. நாலு நடை போனால் கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர். ஜன்னல் கிடையாது. சுவிட்சைத் தட்டினால் எரிகிற விளக்கு, ஒரு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். முதல் நாள் நாலு நடைக்குள் ஆறு தடவை தட்ட வேண்டியிருந்தது. நேற்று இரண்டே தடவை. அத்தான் வியர்த்து வழிந்து கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். பேச மூச்சு இல்லை என்றாலும் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

போனில் ஏதோ மூடி விழுந்து உருண்டு அடங்கியது.

பிள்ளைகள் இல்லாத வீடு அது. அக்கா அடுப்படிக்கும் அத்தான் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். முப்பத்து நாலு வருஷமாக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தை வைத்துத்தான் அவருக்கு மணி தெரியும், பசி தெரியும், அவள் கோபமும் தெரியும். ஆஸ்பத்திரியில் முதல் வாரம் ஊசி போட்டும் தூக்கம் வராமல் கிடந்தார். போனில் அக்கா “என்ன வேணும் உங்களுக்கு, சொல்லுங்க” என்று அழுதபோது, “ஒண்ணும் வேணாம். போனை அடுப்படியில வெச்சுட்டு உன் வேலையைப் பாரு” என்றார். அன்று இரண்டு மணி நேரம் தூங்கினார். அதுவே வழக்கமாகிவிட்டது.

முகத்தை மட்டும் காட்டவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “எண்பது கிலோவுல அனுப்பி வெச்சா உங்க அக்கா. இந்த மூஞ்சியைப் பாத்தா அவளுக்குச் சோறு இறங்குமா? கொஞ்சம் தேறட்டும்.” அக்கா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் இவனிடம் தனியாகப் பேசியபோது அவளே சொன்னாள். “இங்கே மதியம் தாண்டிடுதுடா அப்போ. ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல்? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிடும். அவருக்குக் கேக்கணுமேன்னு கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு நிக்கிறேன். சொல்லிடாதே.” அவன் சொல்லவில்லை.

வலது கன்னம் முடிந்தது. வெந்நீர் ஆறிப்போயிருந்தது. மைத்துனன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அத்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு உள்ளங்கையால் போனைப் பொத்தினார்.

“வெறும் பாத்திரம்டா” என்றார், கிசுகிசுப்பாக.

“என்னது?”

“உருட்டறது எல்லாம் வெறும் பாத்திரம். உள்ள ஒண்ணும் இல்லை. எனக்கா தெரியாது?” மூச்சுக்கு நிறுத்தினார். “ஏமாத்தறாளாம். சொல்லிடாதே, நிறுத்திடப் போறா.”

கண்ணில் அந்தப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. கையை எடுத்து, போனைக் காதுப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். மைத்துனன் சிரித்துக்கொண்டே, இரண்டு பேரின் ரகசியத்தையும் சுமந்துகொண்டு, நடைபாதைக் கோடியில் இருந்த பொதுச் சமையலறைக்குப் போனான். தண்ணீர் கொதிக்க நாலு நிமிஷம் ஆனது. அந்த நாலு நிமிஷமும் அவன் மனத்தில் விமான டிக்கெட்தான் ஓடியது. இன்றைக்குக் கடிதம் கிடைத்தால் சனிக்கிழமையே கிளம்பிவிடலாம்.

திரும்பி வந்தபோது அத்தான் போன் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். இடது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

“தூங்கிட்டீங்களா? அரை மூஞ்சியோட டாக்டரைப் பாக்கப் போறீங்களா?”

தோளைத் தொட்டான். தலை, தொட்ட பக்கமெல்லாம் போயிற்று.

“அத்தான்!”

ஒரே ஒரு தடவைதான் கத்தினான். உடனே போனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். மூக்கருகே கை வைத்தான். நெஞ்சில் காதை வைத்தான். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி அழுத்திப் பார்த்தான். எங்கே அழுத்துகிறான் என்றே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு வெறுங்காலோடு படியிறங்கி ஓடி, சலவைக்கடை அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். அவனைப் பார்த்து, இல்லை என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள். தன் போனில் யாரிடமோ நாலு வார்த்தை பேசிவிட்டு, ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழிகாட்ட வாசலுக்கு இறங்கிப் போனாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அறையில் அவனும் அத்தானும் அந்தப் போனும்தான் மிச்சம். போனில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

சொல்லியாக வேண்டும். “அத்தானை நான் பத்திரமா கூட்டிட்டு வரேன்க்கா” என்று விமான நிலையத்தில் வாய் கிழியப் பேசியவன், எந்த வாயால் இதைச் சொல்வது? அவள் பாட்டுக்கு அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். இன்னும் ஐந்து நிமிஷம் நிற்கட்டும். இந்த ஐந்து நிமிஷமாவது அவளுக்குப் புருஷன் இருக்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“அத்தான், தலையை இப்படிக் கொஞ்சம் திருப்புங்க” என்றான், போனுக்குக் கேட்கும்படி. கிண்ணத்தில் ரேசரைத் தட்டினான். “அவ்வளவுதான். அசையாதீங்க. நீலச் சட்டை போட்டா மாப்பிள்ளை மாதிரிதான் இருப்பீங்க.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“போதும்டா” என்றாள் அக்கா.

அவன் கையில் ரேசர் அப்படியே நின்றது.

“நீ வெந்நீருக்குப் போனதும் ரெண்டு தடவை இருமினாரு. அப்புறம் ஒரு நீளமான மூச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை.” அவள் குரல் தரையில் கிடந்தது. “அவரு மட்டும்தான் கேட்டுட்டு இருந்தாருன்னு நினைச்சியா? நானுந்தானே கேட்டுட்டு நிக்கிறேன், இத்தனை நாளா.”

“அக்கா...” என்றான். குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அழவில்லை. அவன் அடங்கும்வரை அந்தப் பக்கம் பொறுமையாக இருந்தாள்.

“நான்தான்க்கா அந்த ஃபேக்டரிக்கு...”

“அதெல்லாம் இப்ப பேசாதே.”

“வீடியோ போடட்டுமாக்கா? பாக்கறியா?”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“வேணாம். காட்டமாட்டேன்னு இருந்தாருல்ல. அவருக்குத் தெரியாம பாக்கக் கூடாது. நீ வீட்டுக்குக் கூட்டிட்டு வா, அப்ப பாத்துக்கறேன்.”

இறந்தவரை அனுப்ப டாக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டியதில்லை, காகிதங்கள் இருந்தால் போதும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு” என்றாள் அக்கா. “நான் சமைச்சுட்டு இருக்கேன்னு நினைச்சுட்டே தானே போனாரு? எதுவும் கண்டுபிடிக்கலையே?”

மைத்துனன் அத்தான் முகத்தைப் பார்த்தான். காது இன்னும் போன் பக்கம்தான் இருந்தது.

“இல்லைக்கா. ஏதோ வேகுதுன்னு சொன்னாரு. வாசனையே வருதுன்னாரு.”

“அப்படியா சொன்னாரு?”

“ஆமாக்கா.”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு வந்தது.

“சவரம் முடிஞ்சுதா?”

“ஒரு கன்னம் இருக்குக்கா.”

“அரைகுறையா விடாதே. வண்டி வரதுக்குள்ள நிதானமா முடி. அவசரப்பட்டுக் கீறிடாதே. போனை எடுக்காதே, அங்கேயே இருக்கட்டும்.”

கன்னத்தில் நுரை காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அவன் பிரஷை வெந்நீரில் நனைத்து, மறுபடி நுரை கட்டி, காதோரத்திலிருந்து மெல்லத் தடவினான். போனில் குழாய் திறந்தது. ஒரு பாத்திரத்தை எடுத்துக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.