பூட்டு சாரின் திறந்த கணக்கு

பூட்டு சார் தன் வீடியோ கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி இருபத்தாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மாமியார் வாயைத் திறந்துவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, முட்டிவலிக்காரங்களுக்கு லிஃப்ட் இருக்கிற இடம்தான் தோது, இல்ல?"

பூட்டு சாருக்கு டீ புரையேறியது. முந்தின நாள் அலுவலகக் கழிவறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர் பார்த்த வீடியோவில் லிஃப்ட் இருந்தது. அது ஒரு முதியோர் இல்லம். தன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாமியாருக்காகத்தான் இடம் தேடிக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தெரிந்தால் வீடு ரணகளம். எல்லாம் முடிந்தபின், "அத்தையே ஆசைப்பட்டாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அலுவலகத்தில் அவர் கணினிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். யாராவது கணக்கை மூடாமல் எழுந்து போனால், அந்த இருக்கையில் போய் உட்கார்ந்து, அவர்கள் பெயரிலேயே எல்லோருக்கும் 'நான் ஒரு முட்டாள்' என்று மின்னஞ்சல் அனுப்புவார். 'பூட்டு' என்ற பட்டப்பெயர் அன்பினால் வந்ததில்லை.

அன்றே பாஸ்வேர்டை மறுபடி மாற்றினார். மற்ற கருவிகளிலிருந்தும் வெளியேறவா என்று திரை கேட்டது. அத்தனை நீளமான பாஸ்வேர்டை ஒவ்வொன்றிலும் யார் அடிப்பது? வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை மாமியார் விசாரித்தார். "தோட்டமெல்லாம் இருக்காமே. கொசு கடிக்குமா மாப்பிள்ளை?"

"எந்தத் தோட்டம்மா?" என்றாள் மனைவி.

"உன் வீட்டுக்காரரைக் கேளு."

அன்று மாலை பூட்டு சார் பொறுமை இழந்தார். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கைபேசியைத் திறந்தார்.

"என் கணக்குல எவனோ புகுந்து உட்கார்ந்திருக்கான். இப்பப் பாரு, கையும் களவுமா பிடிக்கிறேன்."

அவர் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று திரை காட்டியது. இந்தக் கைபேசி. அலுவலகக் கணினி. மூன்றாவதாக ஒரு டிவி, இப்போது ஓடிக்கொண்டிருப்பது.

"இது எங்கம்மா ரூம் டிவிங்க," என்றாள் மனைவி. "நீங்கதானே உங்க கணக்கைப் போட்டு விட்டீங்க? அத்தையால ஒவ்வொரு தடவையும் எழுத்தைத் தேட முடியாது, அப்படியே திறந்து கிடக்கட்டும்னு?"

உள்ளறையில் ஒரு தேன்குரல், அன்போடு பராமரிக்கிறோம் என்றது. சத்தம் கூடியது.

"வாங்க மாப்பிள்ளை! நீங்க பாதியில விட்டதை நான் முடிச்சுக்கிட்டிருக்கேன்."

மனைவி எழுந்து போய் அந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். திரையின் அடியில், பூட்டு சார் பார்த்த வீடியோக்களெல்லாம் வரிசை கட்டி நின்றன. கட்டடம் கட்டடமாக, வாசலுக்கு வாசல் சிரிக்கும் முதியவர்கள்.

"இதெல்லாம் யாருக்கு?"

"யாரோ ஹேக்கர்..."

"எங்கேயோ இருக்கிற திருடன் எனக்கு ரூம் பாக்குறானா? ரொம்ப நல்ல பிள்ளை!" என்றார் மாமியார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நானே இவகிட்ட சொல்லியிருப்பேன். உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

மனைவி திரும்பினாள். "என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

பூட்டு சார் கைபேசியைப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்கம்மா இந்த வீட்டுல இருக்கிறது எனக்குப் பிடிக்கல."