கொழு சிவந்த காலை

மேலைக் கடலினின்று எழுந்த மூடுபனி குன்றுகளின் தோள்மீது வெண்துகிலெனப் படிந்திருக்க, மே முதல்நாளின் கதிரவன் முகங்காட்டத் தயங்கிய அவ்வேளையில், கெர்ரி எனும் மேலைநாட்டுக் கரையோரத்துக் கூரைவீடு ஒன்றில் எத்னா என்பாள் ஐந்து நாழிகையாக மத்தை இயக்கிக் களைத்திருந்தாள். உயர்ந்த மரமிடாவினுள் பாலேடு நுரைத்ததேயன்றித் திரளவில்லை. பிறர் வெண்ணெயின் பேற்றை மாயத்தால் கவர்வோர் அந்நாளில் உலவுவர் என்பதும், கவரப்பட்ட வீட்டில் ஆண்டு முழுதும் வெண்ணெய் திரளாது என்பதும், அவள் தாய்ப்பாலோடு பருகிய அச்சங்கள்.

அவள் கணவன் டார்மட் ஏரினின்று கழற்றிய கொழுவை அடுப்பினுள் செருகி, விறகாய் எரியும் கரிமண் கட்டிகளை மேன்மேலும் அடுக்கி ஊதினான்.

"இரும்பு பழுக்கட்டும். திருடினவ வயிறு பத்தி எரியும். தானா ஓடி வந்து கதவைத் தட்டுவா பாரு."

கொழு சிவந்தது. கதவு தட்டப்பட்டது.

வெளிறிய முகத்தோடு நின்றவள், ஓடைக்கு அப்பால் வாழும் மொரின். கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கைக்குழந்தையோடு தனித்திருப்பவள்.

"எத்னாக்கா, அடுப்பு அணைஞ்சுபோச்சு. பிள்ளை குளிர்காய்ச்சல்ல வெடவெடங்குது. ஒரே ஒரு கங்கு குடுக்கா."

அந்நாளில் நெருப்புக் கேட்பவளே கள்வி என்பது ஊரார் துணிபு.

"இன்னைக்குத்தான் உனக்கு நெருப்பு வேணுமோ, சூனியக்காரி!" என்று சிவந்த இரும்பை ஓங்கினான் டார்மட்.

அதுகாறும் மாயத்துக்கு அஞ்சிய எத்னாவின் நெஞ்சு, அந்நொடியில் கணவனின் கைக்கு அஞ்சிற்று. பாய்ந்து மொரினை மிடாவருகே இழுத்தாள்.

"வீட்டுக்கு வந்தவ, களவு இல்லேன்னு காட்ட மத்தைப் பிடிக்கணும்ல? அதுவும் நம்ம வழக்கந்தானே! ஆண்டவன் பேரைச் சொல்லிக் கடை, மொரின்."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். நிறுத்தாதே, கடை."

பிடரியருகே இரும்பின் வெம்மை தகிக்க, வேடன்முன் அகப்பட்ட இருமான்களென நடுங்கிய அம்மங்கையர், நாற்கை ஒருகையாகக் கடைந்தனர். கனல் மிக்க அடுப்பால் குளிர்ந்த பாலேடு இளகிற்றோ, அச்சத்தின் விசையால் திரண்டதோ, யாரறிவார்? மத்தின் ஓசை கனத்தது. பொன்மணிகளென வெண்ணெய் மிதந்தது. டார்மட்டின் கை தாழ்ந்தது.

எத்னா கங்குகளைச் சட்டியிலிட்டு, அந்நாளில் நெருப்பை வெளியே தரலாகாது என்னும் ஊர் வழக்கைத் தானே மீறி, அடிதோறும் நடுங்கியவாறு ஓடையைக் கடந்து சென்று மொரினின் அடுப்பை மூட்டினாள். மூன்றாம் நாள் குழந்தை கண்மலர்ந்து நகைத்தது.

ஆயினும் அதன்பின் அடுப்பு அணைந்த காலையெல்லாம், மொரின் அருகிருந்த எத்னாவின் வாயிலைக் கடந்து, நெடுந்தொலைவு நடந்து வேறோர் இல்லத்திலேயே கங்கு கேட்டாள். ஓங்கிய கை ஒருநொடியில் தாழ்ந்துவிடும். அதைக் கண்ட நெஞ்சின் அச்சமோ அத்துணை எளிதில் தாழ்வதில்லை.